சீட்டு கொடுக்கும் உம்பளச்சேரி மாடு

மாட்டுப் பொங்கலன்று காலை ஒன்பது மணிக்கு வாசல் திண்ணையில் பெட்டியை வைத்தேன். மதியம் ஒரு மணிக்குள் 118 சீட்டுகள் அச்சாகியிருந்தன. பெட்டியின் மேல் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் முன்பக்கப் பிளவின் வழியாக ஒரு சாண் நீளத்துக்குள் ஒரு சீட்டு வரும். சீட்டின் கீழே எங்கள் பகுதி நாட்டு இனமான உம்பளச்சேரி மாடு நிற்கும். மேலே அது சொல்வதாக ஒரு நகைச்சுவைத் துணுக்கு இருக்கும். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், பெர்ல் ஆகிய மொழிகளில் நிரல் எழுதுகிறவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கிற துணுக்குகள் அவை. அவற்றில் பாதி எங்கள் ஊரில் பிறந்தவை. வேலை தொடங்கி முடிய பதினொரு வாரம் ஆனது. கைப்பழக்கம் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நான் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வீட்டு முன்கட்டில் மாலை வகுப்பு நடத்துகிறேன். பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். ஐப்பசி மழையில் ஒரு நாள் இணையம் போய்விட்டது. பாடம் நடத்தும் மனநிலையில் யாரும் இல்லை. பைத்தானுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் விளையாட்டுகளைக் காட்டலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் 'எதிர் ஈர்ப்பு' என்ற கூறு. கூறு என்றால் வேண்டும்போது அழைத்துக்கொள்ளும் ஆயத்த நிரல். அதை இறக்குமதி செய்தால் உலாவி தானாகத் திறந்து ஒரு கேலிச்சித்திரத்தைக் காட்டும். பைத்தானில் அந்த ஒரு வரியைத் தட்டியதால் ஒருவன் வானத்தில் பறந்துகொண்டிருப்பான். இணையம் இல்லாததால் வெற்றுப் பக்கம்தான் வந்தது. அடுத்து 'இது' என்ற கூறு. டிம் பீட்டர்ஸ் எழுதிய பத்தொன்பது பைத்தான் வாசகங்கள் திரையில் ஓடின. எளிமையே நல்லது, படிக்க முடிவதே முக்கியம் என்று போகும் வாசகங்கள். அந்தக் கூறின் மூலநிரலைத் திறந்தால், எளிமையைப் போற்றும் அதே வாசகங்கள் ஒவ்வோர் எழுத்தும் பதின்மூன்று இடம் தள்ளி வைக்கப்பட்டு, படிக்கவே முடியாத வடிவில் கிடக்கும். பிள்ளைகள் மரியாதைக்குப் புன்னகைத்தார்கள்.

மூன்றாவதுதான் கூரையைத் தூக்கியது. சி பிளஸ் பிளஸில் ஒவ்வொரு கட்டளைத் தொகுதிக்கும் நெளிவு அடைப்புக்குறி வேண்டும். பைத்தானில் அது கிடையாது, வரியை உள்ளே தள்ளி எழுதினால் போதும். எதிர்காலப் பதிப்பில் வரவிருக்கும் வசதிகளை முன்கூட்டியே கேட்டு வாங்க பைத்தானில் ஒரு வழி உண்டு. அந்த வழியில் 'அடைப்புக்குறி கொடு' என்று கேட்டால் பிழைச்செய்தியாக வரும் பதில்: 'அதற்கு வாய்ப்பே இல்லை.' ஒரு வருடம் முழுக்க அடைப்புக்குறியை மூட மறந்து மறந்து மதிப்பெண் இழந்த பிள்ளைகள் அவர்கள். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

இந்த முழு வேலைக்கும் அந்தச் சிரிப்புதான் வித்து. பதின்மூன்று இடம் தள்ளிய கதைக்கு வராத சிரிப்பு இதற்கு ஏன் வந்தது என்று இரவு முழுக்க யோசித்தேன். கை பட்ட இடத்தில் மட்டும்தான் இந்த வகை நகைச்சுவை வேலை செய்கிறது. அப்படியானால் நம் பிள்ளைகளின் கை எங்கெல்லாம் படுகிறதோ அங்கிருந்து துணுக்குகள் எடுக்கவேண்டும். அவற்றை யார் சொல்வது? லினக்ஸ் இயங்குதளத்தில் 'கௌசே' என்று ஒரு பழைய விளையாட்டு நிரல் உண்டு. டோனி மன்ரோ பெர்ல் மொழியில் எழுதியது. எதைத் தட்டினாலும் ஒரு மாடு பேசுவதுபோல, பேச்சுக் குமிழிக்குள் போட்டுக் காட்டும். அதைப் பார்த்த ஒரு மாணவி, 'சார், இது தமிழ் பேசுமா?' என்று கேட்டாள்.

பேச வைத்துவிடலாம், இரண்டு மாலை வேலை என்று நினைத்தேன்.

பைத்தானில் நாற்பது வரிக்குள் என் மாட்டை எழுதினேன். குமிழிக்கு இடது சுவர், வலது சுவர். வரியின் நீளத்தை அளந்து, குறைகிற இடத்தை வெற்றிடத்தால் நிரப்பினால் வலது சுவர் நேராக நிற்கவேண்டும். மழையில் ஊறிய மண்சுவர் மாதிரி வளைந்து நின்றது. காரணம் அளவைதான். 'உம்பளச்சேரி' என்ற சொல்லில் நமக்கு ஏழு எழுத்து. பைத்தானில் நீளம் அளக்கும் சார்பு (சின்னத் துணை நிரல்) 11 என்கிறது. புள்ளியையும் கொம்பையும் காலையும் அது தனித்தனிக் குறியீடாக எண்ணுகிறது. கணினி சேமிக்கும் பைட் கணக்கில் பார்த்தால் 33. 'மாடு' என்பது நமக்கு இரண்டு, அதற்கு நான்கு.

ஓப்பன் தமிழ் என்ற ஆயத்த நிரல் தொகுப்பில் (இதை நூலகம் என்பார்கள்) சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் சார்பு இருக்கிறது. அதை வைத்து எண்ணினேன். எண்ணிக்கை சரியாக வந்தது, சுவர் அப்போதும் கோணல். 'ரி'யும் 'ணை'யும் எழுத்தெண்ணிக்கையில் ஒன்றுதான் என்றாலும் அகலத்தில் ஒன்றில்லை. கட்டளை தட்டும் எழுத்துத் திரையான டெர்மினலில் ஒவ்வொரு கட்டமும் ஒரே அகலம், தமிழ் எழுத்துரு அந்தக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. நான்கு எழுத்துரு மாற்றிப் பார்த்தேன், இரண்டு டெர்மினல் மாற்றினேன். ஐந்து மாலைகள் இதிலேயே போயின. முதல் நாளே வலது சுவரை எடுத்துவிட்டு இடது சுவரை மட்டும் வைத்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். கடைசியில் அதைத்தான் செய்தேன்.

ஆனால் அந்த ஐந்து மாலைகளில் முதல் நல்ல துணுக்கு கிடைத்தது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி வாசிக்கும் சொல்லைக் கண்டுபிடிக்கும் நிரல் எல்லாப் பாடப் பயிற்சியிலும் வரும். அதில் ஒரு மாணவன் 'விகடகவி' என்று போட்டான். தமிழில் அந்த வகைச் சொல்லுக்கு எல்லோரும் சொல்லும் முதல் உதாரணமே அதுதான், அதன் பொருளும் நகைச்சுவையாளன்தான். பைத்தான் குறியீடு குறியீடாகத் திருப்பியதால் கடைசி 'வி'யின் கொக்கி தனியாகக் கழன்று முன்னால் வந்து நின்றது. 'இது இருவழிச் சொல் அல்ல' என்று விடை வந்தது. விகடகவியையே விகடகவி இல்லை என்று சொல்லிவிட்ட இயந்திரம்! அந்த மாணவன் அதை வகுப்பு முழுக்கக் காட்டினான். அது சீட்டு எண் 1 ஆனது.

வலது சுவரை எடுத்ததும் மாடு திரையில் நன்றாகத்தான் நின்றது. ஆனால் திரையில் படித்த துணுக்கை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. காகிதத்தில் வந்தால் போகும். மன்னார்குடியில் ஒரு கடையில் பில் அடிக்கும், சூட்டால் அச்சிடும் சின்ன தெர்மல் பிரிண்டர் ஒன்று 1,750 ரூபாய்க்குக் கிடைத்தது. காகித அகலம் 58 மில்லிமீட்டர், அச்சாகும் அகலம் 48. மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளி என்பதால் ஒரு வரிசைக்கு 384 புள்ளிகள். இந்த 384 என்ற எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டினேன், பிறகு செய்த எல்லாமே இதற்குள் அடங்கவேண்டியிருந்தது.

பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. நேரடியாக எழுத்தை அனுப்பினால் கேள்விக்குறியும் வேறு ஏதோ மொழிக் கிறுக்கல்களும் வந்தன. ஆகவே சீட்டு முழுவதையும் படமாக வரைந்து அனுப்புவது என்று முடிவு. படம் வரைய பைத்தானின் பில்லோ நூலகம், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, எழுத்தளவு 30 புள்ளி. முதல் படம் வந்தபோது 'கேள்வி'யில் இரட்டைக் கொம்பு 'க'வுக்கு வலப்புறம் போய் நின்றது. 'வேலை' என்ற சொல்லைப் படிக்கவே முடியவில்லை. பில்லோ தன் அடிப்படை முறையில் குறியீடுகளை வந்த வரிசையிலேயே வரைகிறது. தமிழுக்குக் கொம்பை முன்னால் இழுத்து வைக்கத் தெரிந்த 'ராக்கம்' என்ற நூலகம் துணைக்கு வேண்டும். அது இருக்கிறதா என்று பில்லோவிடமே கேட்கலாம். என் கணினியில் இல்லை என்று பதில் வந்தது. அதை நிறுவி மறுபடி கேட்டேன், ஆம் என்றது, கொம்பு இடத்துக்கு வந்தது. தமிழைப் படமாக்கப் போகிறவர்கள் வேறெதையும் செய்வதற்கு முன்பு இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

மாட்டை வரைந்ததில் இரண்டு திருத்தங்கள். முதலில் உடல் முழுவதையும் கறுப்பாக நிரப்பினேன். தெர்மல் தலை அவ்வளவு கறுப்பைச் சூடாக்கத் திணறியது. பட்டை பட்டையாக வெளிறி வந்தது, காகிதமும் சுருண்டது. பிறகு மூன்று புள்ளித் தடிமனில் கோட்டுருவமாக மட்டும் வரைந்தேன். அகலம் 240 புள்ளி, அதாவது மூன்று சென்டிமீட்டர். நெற்றியில் உம்பளச்சேரிக்கே உரிய வெள்ளை நட்சத்திரம், குளம்புக்கு மேல் வெள்ளைப் பட்டை. இரண்டாவது திருத்தத்தைச் சொன்னது ஒரு மாணவி. அவள் தாத்தா இந்த இனத்தை வளர்த்தவர். 'சார், இவ்வளவு நீளக் கொம்பு நம் மாட்டுக்கு ஏது? வண்டி மாட்டுக்குக் கொம்பைத் தீய்த்து மொட்டையாக்கி விடுவார்கள்' என்றாள். எங்கள் பக்கம் இதை மொட்டை மாடு என்று சொல்வதே அதனால்தான். கொம்பை அழித்தேன். மாடு உடனே ஊர் மாடாகிவிட்டது.

இனி துணுக்குகள். பதினொரு வாரத்தில் ஏழு வாரம் இதற்கே சரியாகப் போனது.

ஆங்கிலத்தில் புழங்கும் அறுபது துணுக்குகளை முதலில் தமிழில் எழுதி வைத்தேன். பதினொரு பிள்ளைகளிடமும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான்கு பேராவது சிரித்தால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் நீக்குவது. அறுபதில் ஏழுதான் தேறின. சொல் விளையாட்டு எல்லாம் மொழி மாறியதும் செத்துப்போனது. பைத்தான் என்ற பெயரே பாம்பிலிருந்து வந்ததல்ல. கைடோ வான் ரோசம் 1989 இறுதியில் அந்த மொழியைத் தொடங்கியபோது மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் நிகழ்ச்சியிலிருந்து எடுத்த பெயர். அதனால்தான் பைத்தான் உதாரணங்களில், மதிப்பைப் போட்டு வைக்கும் மாறிகளுக்கு 'ஸ்பாம்', 'முட்டை' என்று பெயர் வைப்பார்கள். இதை விளக்கிவிட்டுத்தான் துணுக்கைச் சொல்லவேண்டும் என்றால் அது துணுக்கே அல்ல. அந்த வகை முழுவதையும் கழித்தேன்.

தேறியதில் சிறந்தது எங்கள் மொழி இலவசமாகக் கொடுத்தது. எண்ணாக மாற்ற முடியாத ஒன்றை எண்ணாக மாற்றச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 'எண் அல்ல' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான NaN-ஐத் திருப்பித் தரும். அந்த மூன்று எழுத்தை என் மாணவர்கள் 'நான்' என்று வாசித்தார்கள். 'நான்' எந்த வகை என்று மொழியிடமே கேட்டால் 'எண்' என்கிறது. 'நான்', 'நான்' இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்கிறது. இது பிழையல்ல, தசமப் புள்ளி கொண்ட மிதவைப்புள்ளி எண்களுக்கான 1985-ஆம் ஆண்டுத் தரமே அப்படித்தான் வகுத்திருக்கிறது. பைத்தானிலும் அதே விடைதான். சீட்டில் இப்படி வந்தது:

நான் எண்ணா? ஆம்.
நான் நான்தானா? இல்லை.

கோவிலில் தேவாரம் பாடும் ஒரு பெரியவர் அந்தச் சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். 'இதைக் கண்டுபிடிக்க ஒரு ஆயுள் ஆகும், உங்கள் இயந்திரம் ஒரு வரியில் சொல்லிவிட்டது' என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பட்டியலின் முதல் உருப்படியை பூஜ்யம் என்று எண்ணுவது பற்றி ஆங்கிலத்தில் எத்தனையோ துணுக்குகள் உண்டு. ஒன்றும் பிள்ளைகளிடம் எடுபடவில்லை. ஒரு மாலை, எங்கள் களத்தில் நெல் அளந்துகொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லும் வழக்கம் இல்லை. 'லாபம்' என்று சொல்லி, அடுத்து இரண்டு, மூன்று என்று போவார்கள். வீட்டுக்குள் ஓடி எழுதினேன்:

களத்தில்: லாபம், இரண்டு, மூன்று.
பைத்தானில்: பூஜ்யம், ஒன்று, இரண்டு.
ஒன்றில் தொடங்குபவர் யாரும் இல்லை.

பதினொரு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து பட்டியலின் முதல் உருப்படி எங்கள் வகுப்பில் 'லாப உருப்படி'தான். தேர்வில் அப்படி எழுதிவிடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு துணுக்கைத் தவறாகவே அச்சிட்டேன், அதைச் சொல்லவேண்டும். பைத்தானில் இரண்டு மாறிகள் சமமா என்று கேட்பது வேறு, இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருள்தானா என்று கேட்பது வேறு. -5 முதல் 256 வரையுள்ள முழு எண்களைப் பைத்தான் முன்கூட்டியே செய்து வைத்திருக்கும். ஆகவே இரண்டு மாறிகளில் 256 என்று போட்டால் ஒரே பொருள், 257 என்று போட்டால் வேறு வேறு. 'இருநூற்று ஐம்பத்தாறு வரை பங்காளி, அதற்கு மேல் நீ யாரோ நான் யாரோ' என்று எழுதினேன். ஒரு மாணவன் வீட்டில் கோப்பாக எழுதி ஓட்டிப் பார்த்துவிட்டு, 'சார், 257-ம் பங்காளிதான்' என்று வந்து நின்றான். அவன் சொன்னது சரி. கேள்வி-பதில் முறையில் வரி வரியாகத் தட்டினால்தான் வேறு வேறாக வரும். ஒரே கோப்பில் எழுதினால் ஒரே மாறிலியைப் பைத்தான் பகிர்ந்து கொடுத்துவிடும். என் கணினியில் இருந்த 3.11 பதிப்பில் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, 'வரி வரியாகத் தட்டிப் பார்' என்று சீட்டில் சேர்த்தேன். அதற்குப் பிறகு ஒரு விதி: நானோ மாணவரோ இரண்டு வழியிலும் ஓட்டிப் பார்க்காத எதையும் மாடு சொல்லாது. இந்த விதிக்குப் பயந்து ஒன்பது துணுக்குகள் வெளியேறின, எனக்கு வருத்தமில்லை.

ஐந்தும் மூன்றும் கதை எளிது. ஜாவாஸ்கிரிப்டில் எழுத்தாக எழுதிய 5-உடன் 3-ஐக் கூட்டினால் 53. அதே 5-இலிருந்து 3-ஐக் கழித்தால் 2. மளிகைக் கடைக்காரர் ஒருவர் இந்தச் சீட்டைப் பார்த்து, வரவு வைக்க இந்த மொழியையும் கடன் எழுத வேறு மொழியையும் வைத்துக்கொள்ளலாம் என்றார். பி.எச்.பி. மொழி நெடுங்காலம் இரட்டை முக்காற்புள்ளியைத் தவறாகப் போட்டால் அதன் பெயரை எபிரேய மொழியில் சொல்லித் திட்டி வந்தது, அந்தப் பகுதியை எழுதியவர்கள் இஸ்ரேலியர்கள் என்பதால். இதைக் கேட்ட பிள்ளைகள், தமிழில் திட்டும் மொழி எங்கே என்று கேட்டார்கள். தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியை அன்று அவர்களுக்குக் காட்டினேன். அது தனி வகுப்பாகவே நீண்டுவிட்டது.

பெர்ல் மொழியைத் தந்த லாரி வால், நல்ல நிரலாளருக்கு மூன்று நற்குணங்கள் வேண்டும் என்பார்: சோம்பல், பொறுமையின்மை, அகந்தை. இதை அப்படியே சீட்டில் போட்டேன். ஒரு மாணவனின் தந்தை மறுநாள் காலையிலேயே சீட்டோடு வந்துவிட்டார்.

'சார், பிள்ளைக்குச் சோம்பல் நல்ல குணம் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.'

'ஐயா, உட்காருங்கள். உங்களுக்கு மூன்று வயல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நள்ளிரவில் எழுந்து போய் மடை திறப்பீர்களா?'

'ஒரு தடவை போய் மேல் வயலில் திறந்தால் மூன்றுக்கும் பாய்கிற மாதிரி வரப்பில் வாய் வெட்டி வைத்திருக்கிறேன்.'

'ஏன் வெட்டினீர்கள்?'

அவர் சிறிது நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். 'மூன்று தடவை எழுந்திருக்கச் சோம்பல்' என்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சீட்டில் இப்போது அவருடைய வாய்க்கால் கதையும் சேர்ந்திருக்கிறது. ஐந்து பக்க விளக்கத்தைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

சில சீட்டுகள் விடுகதை. விடையை மறைத்து அச்சிடவேண்டும். பதின்மூன்று தள்ளும் விளையாட்டைத் தமிழுக்குக் கொண்டுவந்தோம். ஆங்கிலத்தில் 26 எழுத்து, பாதி 13, இரண்டு முறை தள்ளினால் பழைய இடத்துக்கே வந்துவிடும். தமிழில் மெய் பதினெட்டு, பாதி ஒன்பது. க-வுக்கு ம, ச-வுக்கு ர, ட-வுக்கு வ, த-வுக்கு ள, ந-வுக்கு ற, இப்படி. உயிர்க்குறிகளைத் தொடுவதில்லை. 'மாடு' என்பது 'காவு' ஆகிறது. 'காவிரி' என்பது 'மாடிசி'. 'தண்ணீர்' என்பது வாயில் நுழையாத 'ளழ்ழீச்'. மறுபடி ஒன்பது தள்ளினால் தண்ணீர் திரும்ப வந்துவிடும். நிரலில் இது மூன்றே வரி. மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடாக இருப்பதால்தான் இவ்வளவு எளிதாக முடிந்தது. வலது சுவரைக் கோணலாக்கி ஐந்து மாலைகளைத் தின்ற அதே அமைப்பு இங்கே எனக்குக் கைகொடுத்தது. பிள்ளைகள் இரண்டு வாரம் ஒருவரையொருவர் ஒன்பது தள்ளித்தான் கூப்பிட்டார்கள்.

பிள்ளைகள் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து இறுதியில் 23 துணுக்குகள் நின்றன.

பெட்டி வேலை சுருக்கமானது. மூளையாகப் பழைய ராஸ்பெரி பை 3 என்ற சின்னக் கணினிப் பலகை, 2,200 ரூபாய். 16 ஜி.பி. நினைவக அட்டை 350. பொத்தான் 85, கம்பிகள் 45. ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டில் 22 சென்டிமீட்டர் நீளம், 16 அகலம், 14 உயரத்துக்குத் தச்சர் செய்து கொடுத்தார், மரமும் கூலியும் 380. காகிதம் பத்து ரோல் 220. பிரிண்டரையும் சேர்த்தால் மொத்தம் 5,030 ரூபாய்.

பொத்தானை ஒருமுறை அழுத்தினால் மூன்று சீட்டு வந்தது. உலோகத் தகடு தொடும்போது துள்ளுவதால் ஒரு அழுத்தம் பலவாகப் பதிகிறது. துள்ளலைப் பொறுக்கும் நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக வைத்தேன். அப்போதும் சிறுவர்கள் அடுத்தடுத்து அழுத்தினால் சீட்டுகள் வரிசை கட்டி வந்துகொண்டே இருந்தன. அச்சு முடியும்வரை பொத்தானைக் கவனிக்காமல் இருக்கச் சொன்னதும் சரியானது. இன்னொன்று, ராஸ்பெரி பையைக் கைப்பேசி சார்ஜரில் ஓட்டியபோது இடையில் நின்று நின்று போனது. மல்டிமீட்டரில் பார்த்தால் 4.6 வோல்ட். கம்பி மெல்லியது. 2.5 ஆம்பியர் அடாப்டரும் குட்டையான தடித்த கம்பியும் நண்பரிடம் வாங்கி மாட்டியதும் நின்றதில்லை.

மாட்டுப் பொங்கல் முடிந்த நான்காம் நாள் ஒரு மாணவி முகம் வாடி வந்தாள். 'நான் நான்தானா' சீட்டைப் பத்திரப்படுத்த ஒரு கடையில் லேமினேஷன் செய்யக் கொடுத்திருக்கிறாள். வெளியே வந்தது ஒரு கறுப்புப் பட்டை. தெர்மல் காகிதத்தில் மையே கிடையாது, சூடு பட்ட இடம் கறுக்கும், அவ்வளவுதான். லேமினேஷன் உருளையின் சூட்டில் சீட்டு முழுவதும் எழுத்தாகிவிட்டது. சட்டைப்பையில் வைத்து வெயிலில் சைக்கிள் மிதித்தவனின் சீட்டோ இரண்டு வாரத்தில் வெளிறிப்போனது. இதை நான் முன்பே சொல்லியிருக்கவேண்டும். அவளுக்கு வேறு சீட்டு அடித்துக் கொடுத்தேன். இப்போது ஒவ்வொரு சீட்டின் அடியிலும் சின்ன எழுத்தில் 'சூடு ஆகாது, புத்தகத்துக்குள் வை' என்று இருக்கிறது.

அடுத்த முறை செய்தால் பிரிண்டரைத்தான் முதலில் வாங்குவேன். 384 புள்ளி என்ற எல்லை முதலிலேயே தெரிந்திருந்தால் திரையில் சுவர் கட்ட முயன்றிருக்க மாட்டேன். துணுக்குகளை மொழிபெயர்ப்பில் தொடங்க மாட்டேன், களத்திலும் வகுப்பிலும் காது கொடுத்துத் தொடங்குவேன். தச்சரிடம் பிளவை 60 மில்லிமீட்டர் சொன்னேன், 64 சொல்லியிருந்தால் ஈர நாளில் காகிதம் சிக்காது. ரோல் மாற்றப் பின்கதவு ஒன்று வேண்டும், இப்போது நான்கு திருகைக் கழற்றவேண்டியிருக்கிறது. கண் தெரியாதவர்களுக்காக மாடு வாயாலும் சொல்லவேண்டும் என்று ஒரு மாணவன் கேட்டிருக்கிறான், தமிழ்க் குரல் நிரல்களைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

23-ஆம் சீட்டு எப்படி வந்தது என்பதை எழுதாமல் விட முடியாது. பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, பட்டியலில் பின்னாலிருந்து எண்ணுவதைப் பாடமாக எடுத்தேன். பைத்தானில் -1 என்றால் கடைசி உருப்படி. பட்டியல் எவ்வளவு நீளமானாலும் முன்னாலிருந்து நடந்து போகவேண்டியதில்லை, நேராகக் கடைசியைத் தொடலாம். பின்வரிசையில் இருந்த பெண் எழுந்து ஒரு தாளை நீட்டினாள். மேட்டூர், கல்லணை, வெண்ணாறு என்று ஒரு பட்டியல், கடைசியில் எங்கள் ஊர். கீழே ஒரு வரி: 'கடைமடைக்கு முதலில் தண்ணீர் வரும் இடம்: -1.'

மாட்டுப் பொங்கலன்று அந்தச் சீட்டு பதினாறு முறை வந்தது. சம்பாவைக் கடைசித் தண்ணீருக்குக் காத்திருந்து காப்பாற்றிய ஒருவருக்கு அது கிடைத்தது. -1 என்றால் என்ன என்று அந்தப் பெண்ணிடமே கேட்டார். அவள் திண்ணையில் சாக்பீஸால் வாய்க்காலை வரைந்து காட்டினாள். அவர் மறுபடியும் பொத்தானை அழுத்தினார், லாபச் சீட்டு வந்தது. மறுபடி அழுத்தினார், சோம்பல் சீட்டு வந்தது. 'அந்தத் தண்ணீர்ச் சீட்டுதான் வேண்டும், இன்னொன்று கொடு பாப்பா' என்றார். நிரலில் சீட்டு எண்ணைக் கேட்டு வாங்கும் வழி நான் வைத்திருக்கவில்லை. அவள் பெட்டியைத் திறந்து, விசைப்பலகையை மாட்டி, பட்டியலின் -1-ஆவது உருப்படியை அச்சிடச் சொன்னாள்.